மகள் கேட்ட கேள்வி

அன்பான ஐயாவுக்கு, ஸ்தோத்திரம்.

நாங்கள் நான்கு தலைமுறைக் கிறிஸ்தவர்கள். பதினெட்டு வருடமாகச் சேகரக் கமிட்டியில் இருக்கிறேன். அதில் எட்டு வருடம் பொருளாளர். போன மாதம் கல்லூரி விடுதியிலிருந்து வந்த மகள், இரவுச் சாப்பாடு முடிந்ததும், "அப்பா, நீங்க இரட்சிக்கப்பட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. "உன் ஞானஸ்நான சர்டிபிகேட்டை வாங்கி வச்சிருக்கிறதே நான்தான்" என்று சத்தம் போட்டுவிட்டேன். அவள் அழுதுகொண்டே எழுந்து போய்விட்டாள்.

'என் இரட்சிப்பு, என் இரட்சிப்பு' என்று பேசுவது சுயநலம் இல்லையா? ஊழியம் செய்யத்தானே ஆண்டவர் சொன்னார்? மனந்திரும்பிய தேதியைச் சொல்ல முடியாதவன் கிறிஸ்தவன் இல்லையா?

பி.கு: சபைத் தேர்தலுக்குப் பிறகு என் அண்ணன் வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை. மகள் அதையும் இதோடு சேர்த்துச் சொல்கிறாள். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

*

அன்பான சகோதரருக்கு,

உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. கேட்ட நேரமும் தொனியும் உங்களை நோகடித்திருக்கலாம். ஆனால் அப்பாவின் ஆத்துமாவை நினைத்து அழுகிற பிள்ளை வீட்டில் இருப்பது கிருபை.

இதே கேள்வியில் தடுக்கி நின்ற ஒருவரைச் சொல்கிறேன். ஜான் வெஸ்லி. 1947-இல் நம் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இணைந்தவற்றில் அவர் வழிவந்த மெதடிஸ்ட் சபையும் ஒன்று. 1728-இல் ஆங்கிலிக்கன் சபையில் குருப்பட்டம் பெற்றவர். ஆக்ஸ்போர்டில் வாரம் இரண்டு நாள் உபவாசம், சிறைக் கைதிகளைச் சந்திப்பது, ஏழைகளுக்குக் கொடுப்பது என்று கண்டிப்பாக வாழ்ந்தவர். 1735-இல் அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகக் கப்பலேறினார். நடுக்கடலில் புயல். பெரிய பாய் கிழிந்து, தண்ணீர் கப்பலுக்குள் கொட்டியது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். உடன் வந்த மொரேவியக் குடும்பங்கள், அதாவது ஜெர்மன் பேசும் ஒரு புராட்டஸ்டண்ட் சபையார், பாடிக்கொண்டிருந்த சங்கீதத்தை நிறுத்தவில்லை. "உங்கள் பெண்களும் பிள்ளைகளும்கூடப் பயப்படவில்லையா?" என்று பிறகு வெஸ்லி கேட்டார். "எங்கள் பெண்களும் பிள்ளைகளும் சாகப் பயப்படுகிறவர்கள் இல்லை" என்று பதில் வந்தது.

கரையேறிய பிறகு ஸ்பாங்கன்பெர்க் என்ற மொரேவியப் போதகர் அவரிடம், "இயேசு கிறிஸ்துவை அறிவீரா?" என்று கேட்டார். வெஸ்லி கொஞ்சம் தயங்கிவிட்டு, "அவர் உலக இரட்சகர் என்று அறிவேன்" என்றார். "உண்மைதான். உம்மை இரட்சித்திருக்கிறார் என்று அறிவீரா?" "என்னை இரட்சிக்க அவர் மரித்தார் என்று நம்பியிருக்கிறேன்" என்றார். "உம்மை நீர் அறிவீரா?" என்றதற்கு, "அறிவேன்" என்றார். ஆனால் அவை வெறும் வார்த்தைகளோ என்று அஞ்சுவதாக நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

உலக இரட்சகர் என்று சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஞாயிறுதோறும் நாம் விசுவாசப்பிரமாணம் சொல்கிறோமே, அதுபோலச் சரியான பதில்தான். ஆனால் அந்தப் பெரிய கூட்டத்துக்குள் ஒருவன் சௌகரியமாக மறைந்து நின்றுகொள்ளலாம். உங்கள் மகள் உங்களைத்தான் கேட்டாள். நீங்கள் சர்டிபிகேட்டைக் காட்டினீர்கள்.

எனக்கும் அந்த இடம் தெரியும். என் அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது, "எனக்காக ஒரு ஜெபம் பண்ணுப்பா" என்றார். அப்போது நான் இருபது வருடமாகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். ஜெபப்புத்தகத்தில் மனப்பாடமான வரிகள் வந்தன. அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. யாரோடு பேசுகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தானே ஜெபித்தார், எனக்காக.

ஆகவே, சுயநலம் என்று நீங்கள் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. "மற்றவர்களுக்குப் பிரசங்கம்பண்ணுகிற நான்தானே ஆகாதவனாய்ப் போகாதபடிக்கு" என்று எழுதியவர் பவுல். ஊழியத்தில் அவரைவிட உழைத்தவர் யார்? அவருக்கே அந்தப் பயம் இருந்தது. வெஸ்லியும் இங்கிலாந்துக்குத் திரும்பும் வழியில், அந்நாட்டுப் பூர்வகுடிகளை மனந்திருப்பப் போனேனே, என்னை யார் மனந்திருப்புவார் என்று கதறி எழுதினார். பொருளாளர் வேலையை விடச் சொல்லவில்லை. அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டாம் என்கிறேன்.

தேதி விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். வெஸ்லிக்குத் தேதி இருந்தது: 1738 மே 24. லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்துக்கு மனமில்லாமல் போனார். ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார்கள். மணி எட்டே முக்கால் இருக்கும். நெஞ்சு விநோதமாகச் சூடேறியது என்றும், என் பாவங்களை, என்னுடையவற்றையேகூட அவர் நீக்கிவிட்டார் என்ற நிச்சயம் கிடைத்தது என்றும் எழுதினார். ஆனால் அதே வெஸ்லி 1739 ஜனவரியில், நான் இப்போதும் கிறிஸ்தவன் இல்லை என்று எழுதியிருக்கிறார். தேதி கையில் இருந்தும் தன்னைச் சோதித்துப் பார்ப்பதை அவர் நிறுத்தவில்லை. "அதிக பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்று பிலிப்பி சபைக்குச் சொன்ன பவுல், அடுத்த வரியிலேயே அந்த விருப்பத்தையும் செய்கையையும் நமக்குள் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார். நம் பிள்ளைகளின் ஜெபக்குழுக்களில் முதல் வரி அதிகம் கேட்கிறது, இரண்டாவது குறைவாகக் கேட்கிறது. மகளிடம் அதை அன்பாகச் சொல்லலாம்.

உங்கள் பின்குறிப்புக்கு வருகிறேன். கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான் என்று நினைக்கிறேன். அந்த மே மாத இரவில், நெஞ்சு சூடேறிய உடனே வெஸ்லி என்ன செய்தார் தெரியுமா? தன்னை இழிவாக நடத்தித் துன்புறுத்தியவர்களுக்காக முழு பலத்தோடு ஜெபிக்கத் தொடங்கினார். சந்தோஷம்கூட அப்போது வரவில்லை, உனக்கு விசுவாசம் இருந்தால் சந்தோஷம் எங்கே என்று சாத்தான் கேட்டான் என்கிறார். சந்தோஷத்துக்கு முன்பே பகைவர்களுக்கான ஜெபம் வந்துவிட்டது. சம்பந்தம் என்ன என்று கேட்டீர்களே, இதுதான்.

அடுத்த திருவிருந்து ஆராதனைக்கு முன்னால் அண்ணன் வீட்டுக்குப் போய் வாருங்கள். தேர்தல் பேச்சை எடுக்காதீர்கள். இன்று இரவே மகளுக்குப் போன் செய்யுங்கள். "நீ கேட்டதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியலம்மா, அப்பாவுக்காக ஜெபம் பண்ணு" என்று சொல்லுங்கள்.