ஹாலுக்குப் போகும் மகளும் நாத்தனார் கொடுத்த பட்டியலும்

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கிறோம். மகளுக்கு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, ஹாலில், அதாவது மாணவர் விடுதியில், அறையும் கிடைத்துவிட்டது. ஆகஸ்டில் போகிறாள். என் நாத்தனார் மகன் அங்கே ஹாலில் தங்கிப் படித்து முடித்தவன். நாத்தனார் ஒரு பட்டியல் கொடுத்தார்: மடிக்கணினி 1,700, புது உடைகள் 400, இரண்டு பெட்டி 280, மினி ஃபிரிட்ஜ் 230, ஏர் கூலர் 190, படுக்கை விரிப்புகள் 170, காப்பி மெஷின் 150. மொத்தம் 3,120 வெள்ளி. பெட்டி, ஃபிரிட்ஜ், விரிப்பு மூன்றையும் ஆப் மூலம் வட்டியில்லாத் தவணையில் வாங்கிவிட்டேன். இன்னும் மூன்று மாதம், மாதத்துக்கு 170 வெள்ளி, என் கிரெடிட் கார்டில் கழியும். கார்டில் 4,200 வெள்ளி நிலுவை. குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். சேமிப்பில் உள்ள 3,500-ஐத் தொடவில்லை. மாதம் 400 வரை சமாளிக்க முடியும். மீதியையும் தவணையிலேயே வாங்கலாமா? இரவில் தூக்கம் வரவில்லை.

பதில்: வாங்காதீர்கள், சகோதரி. கல்விக் கட்டணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அதற்கான கடனுக்குப் படிக்கும் காலத்தில் வட்டி இல்லை என்று தெரிந்துதான் எடுத்திருப்பீர்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது பட்டியலும் அல்ல. அந்தத் தவணை எங்கிருந்து கழிகிறது என்பதுதான்.

ஆப்காரர் உங்களிடம் வட்டி வாங்கவில்லை, உண்மை. ஆனால் அவர் கை வைப்பது உங்கள் கார்டில். முழு நிலுவையையும் கட்டாமல் பாக்கி வைத்திருக்கும் கார்டில் புதிதாக விழும் செலவுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. விழுந்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே “வட்டியில்லாத” தலையணை உறைக்கு நீங்கள் கட்டுவது கார்டு வட்டி, ஆண்டுக்கு ஏறக்குறைய 28 விழுக்காடு.

தோராயமாகப் போட்டுப் பாருங்கள். 4,200-க்கு 28 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 1,176, மாதத்துக்கு 98 வெள்ளி. குறைந்தபட்சத் தொகை பெரும்பாலும் நிலுவையில் 3 விழுக்காடு, அதாவது 126. அதில் 98 வட்டிக்குப் போக, அசலில் குறைவது வெறும் 28. அதே மாதம் 170 வெள்ளித் தவணை வந்து விழுகிறது. தவறாமல் கட்டுகிறேன் என்கிறீர்கள். கட்டக் கட்டக் கடன் மாதம் 142 வெள்ளி ஏறுகிறது! இதன் மேல் மடிக்கணினியையும் ஏற்றினால் எங்கே போய் நிற்கும்?

இந்தத் தவணை ஆப்களுக்கு 2022-இல் நடத்தை விதிகள் வந்தன. கூடுதல் சோதனை இல்லாமல் ஒருவருக்கு 2,000 வெள்ளிக்கு மேல் நிலுவை விடக்கூடாது என்பது அதில் ஒன்று. ஆனால் அந்த வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் தனி. மூன்று ஆப் வைத்திருப்பவருக்கு அது பெரிய வேலி அல்ல. நிலுவையை வேறு வங்கிக்கு மாற்றினால் ஆறு மாதம் வட்டி இல்லை என்று யாராவது அழைப்பார்கள். அதற்குக் கட்டணம் உண்டு, சலுகைக் காலம் முடிந்ததும் பழைய வட்டி திரும்பும். கார்டைத் தேய்க்கும் பழக்கம் போகாதவரை அதைத் தொட வேண்டாம்.

சேமிப்பில் 2,500-ஐ எடுத்து இந்த வாரமே கார்டில் கட்டுங்கள். அவசரத்துக்கென்று வைத்த பணம் என்பீர்கள். அவசரம் வந்துவிட்டது. மீதி 1,000 கையில் இருக்கட்டும். கார்டில் 1,700 நிற்கும், வட்டி மாதத்துக்கு 40 வெள்ளிக்கு இறங்கிவிடும். உங்கள் 400-இல் முதல் மூன்று மாதம் 170 தவணைக்கு, 230 கார்டுக்கு. பிறகு 400-ம் கார்டுக்கே. ஆகஸ்டில் தொடங்கினால் பொங்கல் மாதத்தில் கடன் தீரும். அதுவரை அந்தக் கார்டில் ஒரு காசுகூடப் புதிதாகத் தேய்க்கக்கூடாது.

இனி பட்டியல். மகள் போவது வெளிநாட்டுக்கு அல்ல. ஈசூனில் ரயில் ஏறி, ஜூரோங் ஈஸ்டில் மாறி, பூன் லேயில் 179 அல்லது 199 பேருந்து பிடித்தால் வந்துவிடும் இடம். சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள், மறந்ததை ஞாயிறு எடுத்துப் போவாள். இரண்டு பெரிய பெட்டி எதற்கு? கட்டில், மெத்தை, மேசை, நாற்காலி, அலமாரி எல்லாம் அறையிலேயே இருக்கும். வீட்டிலிருந்து தலையணை, பழைய விரிப்பு இரண்டு, துண்டு, பொதுக் குளியலறைக்குச் செருப்பும் ஒரு சிறு கூடையும், உடை மாட்டிகள், பூட்டு, குடை, மருந்து, ஒரு புட்டி ஊறுகாய். பாதுகாப்பு முத்திரை உள்ள நீட்டிப்பு ஒயர் மட்டும் கடையில் வாங்குங்கள், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். எல்லாம் சேர்த்து 60, 70 வெள்ளி ஆகலாம். ஃபிரிட்ஜ் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லையென்றால், அறையில் வைக்க அனுமதி உண்டா என்று ஹாலில் கேளுங்கள். இல்லையென்றால் கடையில் திருப்பித் தரப் பாருங்கள். ஏர் கூலரையும் காப்பி மெஷினையும் அவள் ஒரு மாதம் தங்கிப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும். இப்போதுள்ள மடிக்கணினி வேலை செய்கிறது என்றால் முதல் பருவத்தை அதிலேயே ஓட்டலாம். அந்தப் படிப்புக்கு எது தேவை என்று டிசம்பர் விடுமுறைக்குள் அவளுக்கே தெரிந்துவிடும்.

நாத்தனாரிடம் நீங்கள் பேச வேண்டாம், உங்கள் கணவர் பேசட்டும், அவருடைய அக்காதானே. “உன் மகன் ஹாலில் வைத்திருந்த சாமான் ஸ்டோர் ரூமில் கிடந்தால் எங்கள் பிள்ளைக்குக் கொடு” என்று கேட்கச் சொல்லுங்கள். நம் வழக்கத்தில் அத்தை கொடுப்பதில் ஒரு மரியாதையும் இருக்கிறது, மறுக்க மாட்டார்.

இன்றிரவே ஒரு வேலை செய்யுங்கள். ஆப்பைத் திறந்து, பணம் கழியும் இடத்தில் கிரெடிட் கார்டை நீக்கி, சம்பளம் வரும் கணக்கின் டெபிட் கார்டைப் போடுங்கள். அடுத்த 170 வெள்ளி விழுவதற்கு முன் இது முடிந்தாக வேண்டும்.