சினிமா படிக்க விரும்பும் மகள்: கிரீனாக்கிலிருந்து எழுதிய தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மருத்துவமனை வேலைக்காகத் திருச்சியிலிருந்து ஸ்காட்லாந்தின் கிரீனாக்குக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன என்றும், நேஷனல் 5 என்ற பள்ளித் தேர்வுகளை எழுதி முடித்த மகள் அடுத்த ஆண்டு ஹையர் என்ற மேல்நிலைப் பாடங்களில் கணிதத்தையும் வேதியியலையும் விட்டுவிட்டு மீடியாவும் ஓவியமும் எடுக்கப்போவதாகப் பிடிவாதமாக இருக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். லண்டனில் இருக்கும் உறவினர் ஒருவர் அங்குள்ள தனியார் திரைப்படப் பள்ளியின் விளம்பரத்தை அனுப்பியிருப்பது, ஏற்கெனவே இருந்த குழப்பத்தைக் கூட்டியிருக்கிறது. தடுப்பதா, விடுவதா என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு இப்போதே பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் என் கருத்து. மகளுக்குப் பதினாறு வயதாகிறது. ஸ்காட்லாந்தில் பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில், பெரிய செலவில்லாமல், வீட்டிலிருந்து போய்வரும் தொலைவிலேயே இந்தத் தொழிலைத் தொட்டுப் பார்க்க வழியிருக்கிறது. அந்த இரண்டு ஆண்டுகளைப் பயன்படுத்திய பிறகு எடுக்கும் முடிவுக்கும், இன்று பயத்தில் எடுக்கும் முடிவுக்கும் நிறைய வேறுபாடு இருக்கும்.

முதலில் 'சினிமா' என்ற சொல் நம் வீடுகளில் எழுப்பும் படத்தைச் சற்று விலக்கி வைக்க வேண்டும். நாம் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் ஓர் இயக்குநரையும் ஒரு கதாநாயகனையும் நினைத்துக்கொள்கிறோம். இங்கே அது ஒளி, ஒலி, ஆடை, அரங்கம், ஒப்பனை, படத்தொகுப்பு, படப்பிடிப்பிட நிர்வாகம், வரைகலை, தயாரிப்புக் கணக்கு என்று பல துறைகளாகப் பிரிந்த கூலித் தொழில். திரைத்துறைக்கான அரசு அமைப்பான ஸ்கிரீன் ஸ்காட்லாந்து வெளியிட்ட கணக்கின்படி, 2021-இல் இந்தத் துறை ஸ்காட்லாந்தில் ஏறத்தாழ 10,900 முழுநேர வேலைகளுக்கு இணையான வேலையைத் தந்தது. கம்பர்நால்டிலும் லீத் துறைமுகப் பகுதியிலும் பழைய தொழிற்சாலைக் கட்டடங்கள் இன்று படப்பிடிப்புத் தளங்களாக இருக்கின்றன. கிளாஸ்கோவின் கெல்வின் ஹாலில் தொலைக்காட்சி அரங்கம் ஒன்று 2022-இல் திறக்கப்பட்டது. 2011-இல் அதே நகரின் ஜார்ஜ் சதுக்கம் ஒரு ஹாலிவுட் படத்துக்காக அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவாக வேடம் கட்டியது. ஐலன் டோனன் கோட்டையைத் தமிழ்ப் படப் பாடலில் பார்த்து ரசித்த தலைமுறை நம்முடையது. அப்படி வெளியூர்ப் படக்குழு ஒன்று வந்து இறங்கும்போது சாலை அனுமதி வாங்குகிறவர்களும், விளக்குத் தூக்குகிறவர்களும், வண்டி ஓட்டுகிறவர்களும் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள் என்பதை நாம் யோசிப்பதில்லை.

ஆனால் இதன் மறுபக்கத்தை மறைத்துவிட்டு நான் ஊக்கம் மட்டும் கொடுத்தால் அது ஆலோசனை ஆகாது. இந்தத் தொழிலில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். ஒரு தயாரிப்பு முடிந்தால் அடுத்ததைத் தேடிக்கொள்ளும் சுயதொழில் செய்வோர். உங்கள் கரையிலிருந்து கிளைடு ஆற்றின் மேற்புறமாகப் பார்த்தால் டம்பார்ட்டன் பாறை தெரியும். அந்த ஊரில்தான் பி.பி.சி.யின் 'ரிவர் சிட்டி' தொடர் 2002 முதல் படமாக்கப்பட்டு வந்தது, பல இளைஞர்களுக்குப் பயிற்சிக் கூடமாகவும் இருந்தது. அத்தொடர் 2026-இல் முடிவுக்கு வரும் என்று பி.பி.சி. 2025 மார்ச்சில் அறிவித்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஒன்றுக்கே இந்த நிலை என்றால், எந்த ஒரு நிறுவனத்தையும் நம்பி இத்துறைக்குள் நுழையக் கூடாது. கையில் உள்ள தொழில்திறனை நம்பித்தான் நுழைய வேண்டும். நல்ல மாதத்தில் வருவதைச் சேமித்து வெறும் மாதத்தைக் கடக்கும் பழக்கமும், வருமான வரிக் கணக்கைத் தானே எழுதும் பழக்கமும் கேமரா அறிவுக்குச் சமமான தேவைகள். உங்கள் மகள் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியாது. நிச்சயமின்மையைத் தாங்காத பிள்ளை என்றால் இதைப் பற்றி அவளிடமே வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

நம்மவர்களிடம் இருக்கும் ஒரு தவறான புரிதலையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தமிழ்த் திரையுலகில் இயக்குநர் ஆக விரும்புகிறவர் ஒரு பெரிய இயக்குநரிடம் உதவி இயக்குநராகச் சேர்வார்; அது குருகுலம் போன்றது. பிரிட்டனில் உதவி இயக்குநர் என்பது வேறு தொழில். ரன்னர் எனப்படும் கடைநிலை உதவியாளராகத் தொடங்கி மூன்றாம், இரண்டாம், முதல் உதவி இயக்குநர் என்று ஏறுகிறவர்கள், படப்பிடிப்பின் நேரத்தையும் ஒழுங்கையும் பாதுகாப்பையும் நிர்வகிப்பவர்கள். அந்த ஏணி பொதுவாக இயக்குநர் நாற்காலிக்குக் கொண்டுபோய் விடுவதில்லை. இங்கே இயக்குநராக வருகிறவர்கள் பெரும்பாலும் தாங்களே எடுத்த குறும்படங்களின் வழியாக வருகிறார்கள். கால்ஷீட் என்ற சொல்கூட இடம் மாறியதும் பொருள் மாறிவிடுகிறது. அங்கே அது நடிகர் ஒதுக்கித் தரும் நாள். இங்கே அது மறுநாள் யார் எங்கே எத்தனை மணிக்கு வந்து நிற்க வேண்டும் என்று முந்தின மாலை எல்லோருக்கும் வரும் தாள். அந்தத் தாளில் காலை ஆறு மணி என்றும் இடம் ஏதோ ஒரு மலையடிவாரம் என்றும் இருந்தால், அந்த நேரத்தில் அங்கே போக ரயிலோ பேருந்தோ இருக்காது. அதனால் ரன்னர் வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞரிடம் பட்டத்துக்கு முன்பே ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா என்று கேட்பார்கள். பதினேழு வயதானதும் மகளைக் கார் ஓட்டப் பழக்குங்கள். விலையுயர்ந்த கேமரா வாங்கித் தருவதைவிட அது பயன்படும்.

இனி, அந்த இரண்டு ஆண்டுகளில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். ஸ்காட்லாந்தில் இளைஞர்களுக்கான திரைப்பயிற்சி பல்கலைக்கழகங்களுக்குள் மட்டும் வளரவில்லை; வசதி குறைந்த குடியிருப்புப் பகுதிகளில், கேமராவைப் பொதுச் சொத்தாக வைத்துப் பகிர்ந்துகொண்ட சமூக அமைப்புகளின் வழியாகவும் வளர்ந்தது. எடின்பரோவின் வடக்கே பில்ட்டன் பகுதியில் வீடியோ பயிற்சி 1980-களின் தொடக்கத்திலேயே நடந்தது. கிளாஸ்கோவில் 1982-இல் தோன்றிய ஜிமாக் என்ற திரைப்பட அமைப்பு, இன்று நகர நடுவில் டிராங்கேட்டில் இருந்துகொண்டு இளைஞர்களுக்கான பட்டறைகளை நடத்துகிறது. அபர்டீனின் உட்சைடு பகுதியில் ஷ்மூ என்று அழைக்கப்படும் ஸ்டேஷன் ஹவுஸ் மீடியா யூனிட், சமூக வானொலியையும் வீடியோ பயிற்சியையும் அண்டை அயலில் வாழும் இளைஞர்களைக் கொண்டே நடத்திவருகிறது. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டின் ஃபிலிம் அகாடமிக்குப் பதினாறு வயது முதல் விண்ணப்பிக்கலாம். அதன் ஸ்காட்லாந்து வகுப்புகளும் இத்தகைய உள்ளூர் அமைப்புகள் வழியாகவே நடந்துவந்திருக்கின்றன. கிளாஸ்கோ இளையோர் திரைப்பட விழாவில் எந்தப் படங்களைத் திரையிடுவது என்று முடிவு செய்வதே பதின்வயதுப் பிள்ளைகள்தான். படம் எடுக்கும் ஆசையைவிடப் படத்தைத் தேர்ந்து ஒரு கூட்டத்தின் முன் பேசும் ஆசை உங்கள் மகளிடம் மிகுதி என்றால், அவள் போக வேண்டிய இடம் அதுதான்.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்று என்னிடம் ஒரு தந்தை சந்தேகத்தோடு கேட்டார். இலவசம் என்றாலே நமக்குச் சந்தேகம் வருவது இயல்புதான். ஒரு பங்கு, கலைகளுக்கு நிதி தரும் கிரியேட்டிவ் ஸ்காட்லாந்து என்ற அமைப்பின் வழியாக வரும் அரசுப் பணம், லாட்டரிப் பணம். இன்னொரு பங்கு சுவையானது: குற்றவாளிகளிடமிருந்து சட்டப்படி பறிமுதல் செய்யப்படும் பணத்தை இளைஞர் நலனுக்குத் திருப்பிவிடும் 'கேஷ்பேக் ஃபார் கம்யூனிட்டீஸ்' திட்டம் 2008 முதல் நடக்கிறது, கலைப் பயிற்சிகளும் அதில் பயன்பெற்றிருக்கின்றன. போய்வரும் செலவைப் பற்றியும் கவலை வேண்டாம். 2022 ஜனவரி முதல் ஸ்காட்லாந்தில் 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பேருந்துப் பயணம் இலவசம். யங் ஸ்காட் என்ற இளையோர் அட்டையில் அந்த உரிமையைச் சேர்த்துக்கொண்டால் சனிக்கிழமைதோறும் கிரீனாக்கிலிருந்து கிளாஸ்கோவுக்கு மகள் காசில்லாமல் போய்வரலாம். அந்தச் சலுகை ரயிலுக்குச் செல்லாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோர்னவேயில் இருக்கும் உங்கள் தோழியின் மகனைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். தீவில் இருப்பதால் வாய்ப்பே இல்லை என்று அவர்கள் நினைக்க வேண்டாம். 2008-இல் தொடங்கிய பி.பி.சி. ஆல்பா, ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் நடக்கும் தொலைக்காட்சி. அதே ஆண்டில் தொடங்கிய ஃபிலிம்ஜி என்ற கேலிக் குறும்படப் போட்டியில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தனிப் பிரிவு உண்டு. அந்தப் பையன் பள்ளியில் கேலிக் கற்றிருந்தால் அது அலங்காரம் அன்று. சிறிய மொழியில் வேலை செய்யத் தெரிந்த இளைஞர்கள் குறைவாக இருப்பதால் அதுவே அவனுக்கு ஒரு தொழில் தகுதி. இன்னொரு தீவுப் பகுதியான ஷெட்லாந்தின் லெர்விக்கிலும் வாய்ப்பு உண்டு: அங்கே 2012-இல் திறந்த மரீல் என்ற கலைமையம், திரையரங்கையும் இசையரங்கையும் பயிற்சியையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறது.

பாடத் தேர்வைப் பொறுத்தவரை நான் கொஞ்சம் கண்டிப்பானவன். ஆங்கில ஹையரை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. திரைக்கதை, விண்ணப்பக் கடிதம், மானியக் கோரிக்கை எல்லாம் எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஓவியமும் வடிவமைப்பும் எடுக்கட்டும். வேதியியலை விடுவதால் திரைத்துறையில் ஒரு நட்டமும் இல்லை. மருத்துவக் கனவு உங்களுடையதா அவளுடையதா என்பதை மட்டும் வீட்டில் ஒருமுறை பேசிவிடுங்கள். கணிதத்தை விடுவதற்கு நான் உடன்பட மாட்டேன். வரைகலை, விஷுவல் எஃபெக்ட்ஸ், ஒலி, தயாரிப்புக் கணக்கு ஆகிய நான்கும் எண்களோடு பழகியவர்களையே நாடுகின்றன. டண்டீயின் அபர்ட்டே பல்கலைக்கழகம் 1997-லேயே கணினி விளையாட்டுக்கெனப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அந்தப் பக்கம் மனம் திரும்பினால் கணிதம்தான் கதவைத் திறக்கும். மீடியா ஹையர் நல்ல பாடம், ஆனால் அது பெரும்பாலும் படங்களைப் பகுத்தாய்வது. எடுக்கக் கற்பது அதில் ஒரு பங்குதான். பள்ளியில் ஃபவுண்டேஷன் அப்ரண்டிஸ்ஷிப் என்ற திட்டத்தில் கிரியேட்டிவ் அண்ட் டிஜிட்டல் மீடியா கிடைக்கிறதா என்று கேளுங்கள்; கிடைத்தால் ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் பள்ளியோடு சேர்த்தே வேலை அனுபவமும் வரும்.

எங்கே படித்தாலும் கல்விக் கட்டணம் ஒன்றுதான் என்று நீங்கள் எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. ஸ்காட்லாந்தில் வசிக்கும் தகுதியுள்ள மாணவர் ஸ்காட்லாந்திலேயே முதல் பட்டம் படித்தால் கல்விக் கட்டணத்தை சாஸ் என்ற அரசு அமைப்பு செலுத்திவிடும். ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். அதே பெண் இங்கிலாந்துக்குப் போய்ப் படித்தால் 2025-26 கல்வியாண்டின் கணக்கில் ஆண்டுக்கு 9,535 பவுண்டு வரை கட்டணம். அதைக் கடனாக வாங்க வேண்டியிருக்கும். தனியார் பள்ளி என்றால் அவர்கள் கேட்பதுதான் விலை. உங்கள் குடும்பத்தின் குடியேற்ற நிலை சாஸ் விதிகளுக்குப் பொருந்துகிறதா என்பதை இந்த ஆண்டே எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். கடைசி நேரத்தில் இதில் தடுமாறிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கிளாஸ்கோவின் ராயல் கன்சர்வேட்டோயர், எடின்பரோவின் நேப்பியர் பல்கலைக்கழகம், எடின்பரோ கலைக் கல்லூரி, வெஸ்ட் ஆஃப் ஸ்காட்லாந்து பல்கலைக்கழகம் ஆகியவற்றில் திரைப்படப் பட்டப்படிப்புகள் உள்ளன. கன்சர்வேட்டோயரில் இடங்கள் மிகக் குறைவு, விண்ணப்ப வழியும் வேறு; அதை ஒன்றை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது.

ஆனால் உங்களைப் போன்ற எச்சரிக்கையான பெற்றோருக்கு நான் முதலில் காட்டுவது, தொழிற்கல்வி தரும் கல்லூரி வழியைத்தான். ஓராண்டில் எச்.என்.சி. என்ற சான்றிதழ், இன்னும் ஓராண்டில் எச்.என்.டி. என்ற டிப்ளமோ; பொருத்தமான படிப்பாக இருந்தால் அங்கிருந்து பட்டப்படிப்பின் இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் சேர முடியும். ஒவ்வொரு படியிலும் கையில் ஒரு சான்றிதழோடு இறங்கிக்கொள்ளவும் வழியிருக்கிறது. நம் வீடுகளில் கல்லூரி என்றால் பல்கலைக்கழகத்துக்குக் கீழே என்று முகம் சுளிப்பது வழக்கம். கருவிகளைத் தொட்டுப் பழகும் மணிக்கணக்கை வைத்துப் பார்த்தால் அந்தச் சுளிப்புக்குக் காரணம் இல்லை.

புகழ்பெற்றவர்களின் கதைகளை மகள் உங்களிடம் சொல்லியிருப்பாள். கிரீனாக்கில் பிறந்த மார்ட்டின் காம்ப்ஸ்டன், கிரீனாக் மார்ட்டன் அணியில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்த வயதில் நடிப்பு அனுபவம் இல்லாமலே கதாநாயகனாகத் தேர்வானவர். உங்கள் ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தக் கதையைத் திட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது. எனக்கு அதைவிடப் பயனுள்ளதாகத் தோன்றுவது லின் ராம்சே வந்த பாதை: கிளாஸ்கோவில் பிறந்து, நேப்பியரில் புகைப்படக்கலை படித்து, அதன் பிறகே இங்கிலாந்தின் தேசியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளிக்குச் சென்றவர் அவர். முதலில் ஒரு கைத்தொழில், பிறகு சினிமா.

அடுத்த முறை மகளோடு வாருங்கள். பாடத் தேர்வுப் படிவத்தோடு, அவள் இதுவரை தொடங்கிய படங்களை விட்டுவிட்டு, முடித்த படங்களை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். கைபேசியில் எடுத்த இரண்டு நிமிடப் படமாக இருந்தாலும் போதும். ஒன்றுகூட இல்லை என்றால் திட்ட வேண்டாம். அதுவரை உள்ள சனிக்கிழமைகளில் போர்ட் கிளாஸ்கோவின் கப்பல் கட்டும் தளத்தையோ, உங்கள் இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் வழியையோ மூன்று நிமிடத்துக்கு எடுத்து, தானே தொகுத்து, ஒலி சேர்த்துக் கொண்டுவரட்டும். அதைப் பார்த்த பிறகு, கேமராவில் இருக்கிறதா, தொகுப்பில் இருக்கிறதா, எழுத்தில் இருக்கிறதா அவளுடைய கை என்று மூவரும் உட்கார்ந்து பேசுவோம்.