தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள்

கேள்வி: எங்கள் பொமரேனியன் நாய்க்கு 10 வயது. சில வாரங்களாக இரவில் இருமுகிறது; நடக்கக் கூட்டிப்போனால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறது. இதயநோயாக இருக்குமோ? வீட்டில் 5 வயதுப் பூனையும் இருக்கிறது. அதற்கும் வருமா?

பதில்: வயதாகிவிட்டது, அதனால்தான் என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சிறிய இன நாய்களுக்கு முதுமையில் இதயத்தின் இடப்பக்க வால்வு தடித்து, சரியாக மூடாமல் போவது சகஜம். ரத்தம் பின்னோக்கிக் கசியும், இதயம் பெருக்கும், முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும். ஆனால் பொமரேனியனுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்தாலும் இருமல் வரும். இருமலை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது.

மூச்சை எண்ணிப் பாருங்கள். நாய் அயர்ந்து தூங்கும்போது, மார்பு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கால் துடித்துக் கனவு காணும் நேரத்திலும், புழுக்கத்தில் இளைக்கும்போதும் எண்ண வேண்டாம். நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். தாண்டினால் சற்றுப் பொறுத்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் குறையாவிட்டால் அன்றே மருத்துவரிடம் போங்கள். நுரையீரலில் நீர் சேரும்போது பெரும்பாலும் முதலில் ஏறுவது இந்த எண்தான். தினமும் எழுதி வையுங்கள். மயங்கி விழுந்தாலோ, ஈறு நீலம் பாரித்தாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள்.

பூனைக்கும் வரும், அதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். இதயத் தசை தடித்துப்போகும் நோயே அதற்கு அதிகம். இதயநோயால் பூனை பொதுவாக இருமாது. ஒதுங்கிப் படுக்கும், விளையாட்டைக் குறைக்கும், அவ்வளவுதான். ஸ்டெதஸ்கோப்பில் ஒன்றும் கேட்காமலேயே நோய் இருக்கலாம். பூனைக்கும் அதே 30 கணக்குதான். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அவசரம். பின்னங்கால்கள் திடீரெனச் செயலிழந்து, பாதம் சில்லிட்டு, வலியில் கத்தினால் ரத்தக்கட்டி அடைத்திருக்கக்கூடும். தேய்த்துவிடவோ ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். அசைக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது இருமலை வீடியோ எடுத்து, மூச்சுக் கணக்கோடு காட்டுங்கள். மார்பு எக்ஸ்ரேயும் எக்கோவும் (இதய ஸ்கேன்) தேவையா என்று கேளுங்கள். எக்ஸ்ரே நுரையீரலையும் இதய அளவையும் காட்டும், எக்கோ வால்வையும் தசையையும். அதுவரை மனிதர்களுக்கான இருமல் மருந்து எதையும் கொடுக்காதீர்கள். நீர் வெளியேற்றும் மாத்திரை எழுதித் தந்தால் நாய் நிறையக் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும். அதற்காகத் தண்ணீரை அளந்து வைக்காதீர்கள்; சிறுநீரகம் பாதிக்கும்.