கத்தரிக்கோலை எப்போது கைமாற்றுவது?

கேள்வி: 11 வருடமாகத் தையல் கடை நடத்துகிறேன். உதவிக்கு மூன்று பெண்கள் இருக்கிறார்கள். ஆனாலும் கட்டிங் முழுக்க நான்தான். அவர்கள் தைத்ததையும் ராத்திரி உட்கார்ந்து பிரித்துத் திரும்பத் தைக்கிறேன். படுக்க ஒரு மணி ஆகிறது. யாரிடமும் கொடுக்க மனசு வரவில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் பயத்தில் பாதி நியாயமானது. தையல் கோணினால் பிரித்துக்கொள்ளலாம். வெட்டிய துணியை ஒட்ட முடியாது. அதுவும் பட்டுப் புடவையோடு வந்த ப்ளவுஸ் துணி என்றால், அதே நிறமும் அதே பார்டரும் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால், எந்த வேலை சுலபம், எது கஷ்டம் என்று பார்த்துப் பிரித்துக் கொடுக்காதீர்கள். தப்பு நடந்தால் சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள். சரிசெய்ய முடிகிற வேலை எல்லாவற்றையும் இந்த வாரமே விட்டுவிடலாம்.

கட்டிங்கிலும் அப்படி ஒரு வழி இருக்கிறது: ப்ளவுஸுக்கு உள்ளே வைக்கிற லைனிங் துணி. லைனிங்கை முதலில் வெட்டி, அதை மேல்துணியின் மேல் போட்டுத்தானே வெட்டுகிறோம்? மூவரில் கை நிதானமாக இருக்கிறவரிடம் லைனிங்கைக் கொடுங்கள். நனைத்துக் காயவைப்பதிலிருந்து சாக்பீஸில் கோடு போட்டு வெட்டுவது வரை அவர் பொறுப்பு. நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம். வெட்டி முடித்ததும் கழுத்து இறக்கம், கைக்குழி, டார்ட் (உடம்புக்குப் பொருந்த மடித்துத் தைக்கிற மடிப்பு) முனை ஆகிய மூன்றையும் மட்டும் அளந்து பாருங்கள். சரியாக இருந்தால் மேல்துணியையும் அவரே வெட்டட்டும். தப்பாக இருந்தால் போவது லைனிங் துணி மட்டும்தான். மேட்சிங் சென்டரில் வேறு வாங்கிக்கொள்ளலாம். முதல் மாதத்தில் அப்படி நாலைந்து வீணாகும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காசை அவர் சம்பளத்தில் பிடிக்கவே கூடாது. பிடித்தால் அதன்பிறகு தப்பை மறைக்கத்தான் பழகுவார்.

அப்புறம், அளவு நோட்டு. உங்கள் நோட்டில் எண்கள் இருக்கும். ஆனால் ‘இவருக்கு வலது தோள் கொஞ்சம் இறக்கம்’, ‘இந்த அம்மாவுக்குக் கை இறுக்கினால் பிடிக்காது’ என்பதெல்லாம் உங்கள் தலையில்தான் இருக்கும். அது தெரியாமல் அந்தப் பெண் வெட்டினால் தப்பாகத்தான் வரும். நீங்களும் ‘இவளுக்கு வராது’ என்று முடிவு கட்டிவிடுவீர்கள். தலையில் இருப்பதையெல்லாம் நோட்டில் எழுதுங்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்த பலருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ராத்திரி பிரித்துத் தைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். ப்ளவுஸில் கை இணைத்த இடத்தில் சுருக்கம் விழுந்திருந்தால் குண்டூசி குத்தி அடையாளம் வைத்துவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் தைத்தவரே பிரிக்கட்டும். நீங்களே சரிசெய்துவிட்டால், எங்கே பிசகியது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் டெலிவரிக்குச் சொல்லும் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு தேதியை அவர்களுக்குச் சொன்னால், இதற்கு நேரம் கிடைக்கும்.

‘அக்கா, நீங்களே வெட்டுங்க’ என்று கேட்கிற வாடிக்கையாளரும் உண்டு. அவர் அளவு கொடுக்க வரும்போது டேப்பை அந்தப் பெண் கையில் கொடுத்துவிட்டு, எண்களை நீங்கள் எழுதுங்கள். இரண்டு முறை பார்த்தால் அவருக்கே நம்பிக்கை வந்துவிடும்.

நீங்கள் எழுதாத ஒரு பயமும் இருக்கும் என்று நினைக்கிறேன்: கற்றுக்கொண்டு தனிக்கடை போட்டுவிட்டால்? போடலாம். சிலர் போடத்தான் செய்வார்கள். ஆனால் வருடக்கணக்காகக் கொக்கி மட்டும் வைக்கிற பெண் அதற்கு முன்பே கார்மென்ட்ஸ் கம்பெனிக்குப் போய்விடுவார். கட்டிங்குக்குப் பீஸ் கணக்கில் தனியாகக் கூலி கொடுங்கள். இருப்பவர் இன்னும் கொஞ்ச காலம் இருப்பார்.

ஆரி வேலை ப்ளவுஸையும் கல்யாணப் பெண்ணின் முகூர்த்த ப்ளவுஸையும் இப்போதைக்கு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி நெருக்கத்தில் இதைத் தொடங்க வேண்டாம். ஆடி முதல் வாரத்தில் கல்யாண வேலை இருக்காது. லைனிங்கை அப்போது கையில் கொடுங்கள்.