அறிவியல் கேள்வி – பதில்

கேள்வி: கிண்டியில் உயிர்வேதியியல் முதுகலை படிக்கும் என் மகள், இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றனவா என்று சோதனைக் குழாயில் ஆராய்வதாகச் சொல்கிறாள். கண்ணுக்கே தெரியாதவற்றில் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? செல்லை விட்டு வெளியே எடுத்த புரதம் காட்டுவதை நம்பலாமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: உங்கள் மகள் செய்வது பெரும்பாலும் 'புல்டவுன்' என்னும் சோதனையாக இருக்கும். தூண்டில் போட்டு மீன் பிடிப்பதைப் போன்றதுதான் இது. முதல் புரதத்தின் மரபணுவோடு குளுட்டாதையோன் டிரான்ஸ்ஃபெரேஸ் என்ற நொதியின் மரபணுவை ஒட்டி, ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தினால், இரண்டும் சேர்ந்த ஒரே புரதத்தை அது உருவாக்கித் தரும். குளுட்டாதையோன் பூசிய நுண்மணிகளை அந்த நொதி விடாமல் பிடித்துக்கொள்வதால், தூண்டில் புரதமும் மணியோடு தங்கிவிடுகிறது. 1988இல் வெளியான இந்த உத்தி இன்றும் ஆய்வகங்களின் அன்றாடக் கருவி.

அந்த மணிகள் ஈர அரிசி மாவைப் போலக் குழாயின் அடியில் படியும். அவற்றோடு இரண்டாம் புரதத்தைக் கலந்து, குளிரில் மெதுவாகச் சுழலவிட்டு, பிறகு உப்புக் கரைசலால் பலமுறை கழுவ வேண்டும். கைப்பக்குவம் தேவைப்படுவது இங்கேதான். கழுவல் குறைந்தால் தொடர்பில்லாதவையும் ஒட்டிக்கொண்டிருக்கும்; மிகுந்தால் வலுவற்ற உண்மையான பிணைப்பும் போய்விடும். கடைசியில் மணிகளைக் கொதிக்கவைத்து, அவற்றிலிருந்து விடுபடும் புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓடவிட்டு, கூமாசி நீலச் சாயம் ஏற்றும்போது, இரண்டாம் புரதம் தன் எடைக்குரிய இடத்தில் நீலப் பட்டையாகத் தெரியும்.

ஆனால் பட்டை தெரிந்ததும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. இரண்டாம் புரதம் வெறும் மணியிலோ அந்த நொதியிலோ ஒட்டியிருக்கலாம். அல்லது கரைசலில் மிஞ்சிய டி.என்.ஏ. இழை இரண்டு புரதங்களுக்கும் பாலமாக நின்றிருக்கலாம். அதனால்தான் நொதி மட்டும் உள்ள மணிகளைப் பக்கத்துக் குழாயில் வைத்து அதே சோதனையைச் செய்கிறார்கள், டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இந்த ஒப்பீடு இல்லாத முடிவை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

பிணைப்பின் வலுவை அளக்க வேறு கருவிகள் உண்டு. மெல்லிய தங்கத் தகட்டில் ஒரு புரதத்தைப் பதித்து, மற்றொன்றை அதன்மேல் ஓடவிட்டு, தகட்டிலிருந்து திரும்பும் ஒளியின் மாற்றத்தைக் கொண்டு புரதங்கள் சேரும் வேகத்தையும் பிரியும் வேகத்தையும் அறிவது ஒன்று. கலக்கும்போது வெளிப்படும் அல்லது உட்கொள்ளப்படும் மிகச் சிறிய வெப்பத்தை அளப்பது இன்னொன்று.

நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தூய்மையாக்கிய இரண்டு புரதங்களை மட்டுமே கலந்து, மேற்சொன்ன ஒப்பீடுகளோடு கிடைத்த முடிவு என்றால், அவை நேரடியாகத் தொட்டுக்கொள்ள வல்லவை என்று நம்பலாம். செல்லுக்குள் சந்திக்கின்றன என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது. ஒன்று உட்கருவிலும் மற்றொன்று மைட்டோகாண்ட்ரியாவிலும் இருந்தால் அவை சேர வழியேது? மாறாக, மனிதச் செல் ஒரு புரதத்தின் மேல் ஏற்றும் பாஸ்பேட்டை பாக்டீரியா பெரும்பாலும் ஏற்றுவதில்லை என்பதால், உண்மையான பிணைப்பே குழாயில் தென்படாமல் போவதும் உண்டு. ஆகவே, 1989இல் அறிமுகமான ஈஸ்ட் இரு கலப்பினச் சோதனை போல, செல்லுக்குள்ளேயே பார்க்கும் முறைகளோடு இதைச் சேர்த்தே எடைபோட வேண்டும். உங்கள் மகள் ஜெல்லின் படத்தைக் காட்டும்போது, நொதி மட்டும் இருந்த வரிசை எது என்று கேட்டுப் பாருங்கள். அந்த வரிசையில் இரண்டாம் புரதத்துக்குரிய இடம் வெறுமையாக இருந்தால் அவர் நல்ல வேலை செய்திருக்கிறார்.