மோட்டார் எரியவில்லை, எண்ணெய்தான் இறுகிவிட்டது

திருகோணமலை உவர்மலை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். தகப்பனார் விட்டுச்சென்ற கரார்ட் என்ற ஆங்கிலக் கம்பனியின் இசைத்தட்டு இயந்திரம், பல வருடம் பெட்டிக்குள் கிடந்தபின், எல்லா வேகத்திலும் பாட்டை இழுத்துப் பாடுகிறது. அரை மணித்தியாலம் ஓடினால் ஓரளவு சரியாகிறது. தட்டு முடிந்தும் சில வேளை நிற்பதில்லை. நிற்கும்போது ஒலிபெருக்கியில் 'டப்' என்று அடிக்கிறது. பார்த்தவர் மோட்டார் எரிந்துவிட்டதென்று சொல்லி, இரும்பு விலைக்குத் தானே எடுத்துக்கொள்வதாகவும் கூறினாராம்.

கொடுத்துவிடாதீர்கள். எரிந்த மோட்டார் சூடேறச் சூடேற வேகம் கூடாது. இறுகிய எண்ணெய்தான் சூட்டில் இளகி வழிவிடும். இப்படி 'எரிந்த' இயந்திரங்கள் பல, துடைத்து எண்ணெயிடப்பட்டு, பழம்பொருள் தேடுவோருக்கு நல்ல விலையில் போவதை நான் கண்டிருக்கிறேன். வோல்ற்றளவு குறைவென்று ஸ்டெபிலைசர் விற்க வருபவரையும் அனுப்பிவிடுங்கள். இவ்வகை மோட்டாரின் வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வோல்ற்றளவு அல்ல, மின்சாரத்தின் அதிர்வெண் (வினாடிக்கு எத்தனை அலை என்பது, ஹேர்ட்ஸ் கணக்கில்).

முதலில் எண்ணிப் பாருங்கள். சுழலும் தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டு வெளியே நீட்டி நிற்கும்படி வைத்து, 33 வேகத்தில் (நிமிடத்துக்கு 33⅓ சுற்று) மூன்று நிமிடம் எண்ணினால் சரியாக 100 சுற்று வர வேண்டும். சூடேறிய பின்னும், எண்ணெயிட்ட பின்னும் 83 அளவிலேயே நின்றால், அது அமெரிக்காவிலிருந்தோ சவூதியிலிருந்தோ வந்த 60 ஹேர்ட்ஸ் இயந்திரமாக இருக்கலாம். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடும். 110 வோல்ற்றுக்கு இறக்கும் டிரான்ஸ்போமர் வாங்கி மாட்டினாலும் அதிர்வெண் மாறாது; மோட்டார் அச்சிலுள்ள படிக்கப்பியை (வேகத்துக்கு ஒரு படியாகப் பருமன் மாறும் சிறு உருளையை) 50 ஹேர்ட்ஸுக்குரிய, ஐந்தில் ஒரு பங்கு பருமன் கூடிய கப்பியாக மாற்றுவதே வழி. கப்பியில் டேப் சுற்றிப் பருமனாக்கும் கெட்டித்தனத்தை யாரும் செய்ய விடாதீர்கள்; அது வழுக்கும், ஆடும், பாட்டும் அலையும்.

உங்களுடையது சூட்டில் தேறுவதால் அந்தக் கவலை வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னரே திறக்கச் சொல்லுங்கள். மோட்டார் அச்சின் இரு முனைகளிலும் தட்டின் நடு அச்சிலும் பழைய பிசினை ஸ்பிரிற்றால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் இரண்டு மூன்று துளி விட்டால் போதும். தேங்காயெண்ணெய் வேண்டாம், அதுவே மறுபடி பிசினாகும். மோட்டாருக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள றப்பர்ச் சில்லின் விளிம்பில் எண்ணெய் படவே கூடாது. அது பளபளத்து இறுகியிருந்தால் புதிதே வேண்டும். ஒரு சிறு சில்லை இங்கிலாந்திலிருந்து தருவித்து, பொதியை விடுவிக்க நான் மூன்று மேசைகளுக்கு அலைந்தேன்; சில்லின் விலையைவிட பஸ் காசு அதிகம்.

நிற்காத கோளாறும் அதே கதைதான். சுவிட்சைத் தள்ளும் நெம்புகோலில் கிறீஸ் இறுகியிருக்கும். நமது கடற்காற்றில் தொடுமுனைகளும் பச்சை பூத்திருக்கும். 'டப்' சத்தம் மட்டும் வேறு: சுவிட்சுக்குக் குறுக்கே தீப்பொறியை அடக்க வைத்த கொள்ளளவி (கப்பாசிற்றர்) பழுதாகிவிட்டது. பழையதில் அச்சிட்ட அளவையே கேளுங்கள். ஆனால் எக்ஸ்2 வகை (வீட்டு மின்சாரத்தில் நேரடியாக மாட்டும் பாதுகாப்பு வகை), 275 வோல்ற் ஏசி என்று எழுதியிருக்க வேண்டும். கடைக்காரர் 'எல்லாம் ஒன்றுதான்' என்று சாதாரண வானொலிக் கொள்ளளவியை நீட்டினால் வாங்காமல் திரும்புங்கள். இந்த இடத்துக் கொள்ளளவி நேரடியாக 230 வோல்ற்றில் நிற்பது; சாதாரண வகை பழுதானால் தீப்பிடிக்கக்கூடியது.