காய்ச்சலே இல்லை, பிறகு ஏன் ஐ.சி.யூ.?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. நடவு வயலில் முள் குத்திய கால் பழுத்துவிட்டது. காய்ச்சல் இல்லை, பேச்சு மட்டும் குழறியது. பாளையங்கோட்டையில் ஐ.சி.யூ.வில் சேர்த்து, சீட்டில் 'செப்சிஸ்' என்று எழுதியிருக்கிறார்கள். "ரத்தத்தில் விஷம் ஏறிட்டு, பக்கத்தில் போகாதே" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். தொற்றுமா?
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: செப்சிஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு அப்பாவைப் போய்ப் பாருங்கள்.

புண்ணில் புகுந்த கிருமியை உடல் எதிர்க்கும். அந்த எதிர்ப்பே கட்டுமீறிப் போய் சிறுநீரகம், நுரையீரல், மூளை என்று சொந்த உறுப்புகளைக் கெடுப்பதுதான் செப்சிஸ். மருத்துவ உலகம் 2016-ல் வகுத்த வரையறையும் இதுவே. ரத்தத்தில் கிருமி இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் பலருக்கு எதுவும் வளராது. ரத்தக்குழாய்கள் விரிந்து கசிவதால் பிரஷர் இறங்கி, உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போகிறது. அப்பாவின் பேச்சு குழறியதும் மூளை பாதிக்கப்பட்டதற்கான அறிகுறிதான்.

வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் காய்ச்சல் வராமலே இது முற்றலாம்; சிலருக்கு உடம்பு சில்லிட்டும் போகும். ஆகவே தெர்மாமீட்டரை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 22 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மேல் பிரஷர் 100-க்கோ அதற்குக் கீழோ இறங்கிவிட்டாலோ, நினைவு தடுமாறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாடிக் போடுவார்கள். பிரஷர் அபாயமாக இறங்கிப்போன 'ஷாக்' நிலை என்றால் ஒரு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பிரஷர் இறங்கியவருக்கு முதல் 3 மணி நேரத்தில் கிலோவுக்கு சுமார் 30 மில்லி சலைன், அதாவது 60 கிலோ எடைக்கு 1,800 மில்லி ஏற்றுவார்கள். இதயமோ சிறுநீரகமோ பழுதானவருக்குக் கவனமாக ஏற்றுவார்கள். அதற்கும் பிரஷர் ஏறாவிட்டால், ரத்தக்குழாய்களைச் சுருக்கிப் பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து.

காலைத் திறந்து சீழையும் செத்த சதையையும் எடுக்கக் கையெழுத்துக் கேட்டால், தயவுசெய்து "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லாதீர்கள். சீழ் உள்ளே இருக்கும்வரை எந்த ஊசியும் முழுதாகக் கேட்காது.

வயலில் வேலை பார்ப்பவர் என்பதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். உண்ணிக்காய்ச்சலும் எலிக்காய்ச்சலும் இப்படி உறுப்புகளைத் தாக்கும். அக்குள், தொடையிடுக்கில் சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்குப் பென்சிலின் வகை மருந்துகள் கேட்காது, டாக்ஸிசைக்ளின் வேண்டும்.